மாதா சுரூபத்துக்குப் பின்னால் மெத்தனால்

ஜெரால்டுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் அந்தத் துடிப்புக்கு வேலை இருந்தது. ஓய்வு பெற்று ராயபுரத்து வீட்டில் அடைந்த பிறகு, அது முழுக்க வாசலில் நின்ற பழைய டர்போ டீசல் காரின்மேல் இறங்கியது. வெயிலில் ஏசி போட்டு நாலு பேர் ஏறினால் மேம்பாலத்தில் வண்டி இழுக்காது. தனக்கே மூச்சு முட்டுவதுபோல் நெளிவார்.

டோல்கேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் மஜீது ஒரு வழி சொன்னான். தண்ணீரும் மெத்தனாலும் கலந்து, டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற சூடான காற்றில் பனிபோலப் பீய்ச்ச வேண்டும். காற்று குளிரும், வண்டி இழுக்கும். டிக்கியில் ஒரு டேங்க், சின்ன பம்பு, முன்னால் ஒரு நாசில். ஒரு வாரம் இருவரும் காருக்கடியிலேயே கிடந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் மாட்டியாயிற்று. மறுநாள் பூசை முடிந்ததும் கலவையை ஊற்றி ஓட்டிப் பார்ப்பதாகப் பேச்சு.

"ஜாக்கிரதை நைனா," கலவைக் கேனைக் கொடுக்கும்போது மஜீது சொன்னான். "கள்ளச்சாராயத்துல ஆளுங்க சாவுறாங்களே, அது இதான். ஒரு மொடக்கு போதும், கண்ணு பூடும்."

வீட்டில் மனைவி ஹில்டாவின் தம்பி லியோனார்ட் இருந்தான். எண்ணூரில் கப்பலில் கன்டெய்னர் கட்டுகிற வேலை. பொழுது சாய்ந்தால் குடி.

"இத்த எதுக்கு வூட்டுக்குள்ள கொண்டாந்தீங்க?" ஹில்டாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவன் மோப்பம் புடிச்சான்னா?"

அந்த வீட்டில் லியோனார்டிடமிருந்து எதை மறைத்தாலும் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பின்னால்தான் போகும். கேனும் அங்கே போயிற்று. மேலே சரிகை வைத்த பீடத்துணி. அது என்னவென்று லியோனார்டிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலையில் மெழுகுவத்தி ஏற்றப்போன ஹில்டா துணியைத் தூக்கினாள். கேன் இருந்தது. உள்ளே சொட்டு இல்லை. லியோனார்டின் பாய் காலி. அவன் போன் அணைந்திருந்தது.

"எர்ணாவூர்ல அவன் கூட்டாளி பீம்ராவ் வூட்டுக்குத்தான் போயிருப்பான். ஓடுங்க!"

ஜெரால்ட் காரை எடுத்தார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து, ஆரனிலிருந்து கையை எடுக்காமல் போனார். விஷம்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒளித்து வைத்தால் போதுமென்று எப்படி நினைத்தோம்? எர்ணாவூர் மேம்பாலத்தில் கார் ஒரு ட்ரைலரை ஒரே மூச்சில் தாண்டி ஏறியது. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்றே அவர் புத்தி சுழன்றுகொண்டிருந்தது.

பீம்ராவ் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். "உள்ள தூங்கிகினுகீறான் மாமு."

ஜெரால்ட் உள்ளே பாய்ந்தார். முகத்தை மூடியிருந்த கைலியை இழுத்தெறிந்து, கட்டைவிரலால் லியோனார்டின் இமையைத் தூக்கினார்.

"டேய்! கண்ணு தெரியுதாடா? இது எத்தினி?"

"யோவ் மாமா, வெரல எடு. கண்ணுல குத்துற."

"எத்தினின்னு சொல்லுடா!"

"மூணு. இன்னா, ஞாயித்துக்கெழம காலைல ஸ்கூல் நடத்துறியா?"

ஜெரால்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கேன் காலியா கீது. இன்னாடா பண்ண?"

லியோனார்ட் எழுந்து உட்கார்ந்தான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மாதா பின்னாடி வெச்சா எனக்குத் தெரியாதா? அக்கா எல்லாத்தையும் அங்கதான ஒளிப்பா. தொறந்தேன். மோந்து பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, எங்க கேங்ல ஒருத்தன் இதுலதான் போனான். தெரிஞ்சும் கை போவுது மாமா. படுத்தா தூக்கமே வர்ல. அதான் சாவிய எடுத்துகினு போயி டிக்கில நீ மாட்டின டேங்க்லயே கொட்டிட்டேன். அதுல பூட்டா எடுக்க முடியாதில்ல? அப்பறம் அங்க இருக்கவே பேஜாரா பூட்ச்சு. வந்துட்டேன்."

வாசலில் பீம்ராவ் வாய் கொப்பளிப்பதை நிறுத்தியிருந்தான். லியோனார்ட் சட்டையைத் தேடினான்.

"வண்டிலதான வந்த? எப்டி இழுத்துச்சு?"

ஜெரால்ட் நினைத்துப் பார்த்தார். "தெரியலடா."

"பாலத்துல?"

"தெரியல."

"அடப்பாவி மாமா! அதுக்குத்தான ஒரு வாரமா டொக்கு டொக்குனு தட்டி என் உயிர வாங்கின?"

போன் அடித்தது. ஹில்டா. ஜெரால்ட் காதில் வைத்தார். மூக்கை உறிஞ்சினார். லியோனார்ட் பிடுங்கிக்கொண்டான்.

"அக்கா, நான்தான். ஒன்னும் ஆவல, கண்ணு நல்லா தெரியுது. மாமாதான் அழுதுகினுகீறாரு. வூட்டுக்கு இட்டாரேன், இரு."