ஸ்ரௌவ்வில் கத்தரித் தோட்டமும் நாலாம் துண்டின் பூச்சியமும்

நம்முடைய கத்தரிக்காய் விளையும் ஸ்ரௌவ்வில் பக்கத்துத் தோட்டங்களுக்கு நகரத்திலிருந்து போய்வர ஒரு நாள் போதுமா என்று இந்த வலைப்பதிவில் சிலர் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போதும். நான் முதலில் போனது தொண்ணூற்றேழு ஆகஸ்ட்டில், ஒரு சனிக்கிழமை.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். படித்தது விவசாயம். எங்களுக்குத் தெரிந்த வசந்தி அக்கா அங்கே குத்தகைக்கு எடுத்திருந்த எட்டு ஏக்கருக்கு, எந்தத் துண்டில் என்றைக்கு மருந்து, எத்தனை பெட்டி காய் என்று எழுதிவைக்கப் பனிக்காலத்தில் பதிவுத் தாள் வரைந்து கொடுத்திருந்தேன். அன்று அதைப் பார்க்க ஒரு மொத்த வியாபாரி வருகிறார். திருப்தியானால் உறைபனி விழும்வரை கத்தரி முழுவதையும் அவரே எடுப்பார். இல்லாவிட்டால் அக்கா பழையபடி கடை கடையாக அலையவேண்டும்.

நகரத்தில் அஜின்கோர்ட் பிளாசா என்ற கடைத்தொகுதியில் காலை ஐந்தரைக்கு வேலையாட்களை ஏற்றும் வான். ஐந்து டொலர், ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர், நாற்பது நிமிடம். சாரதி குகன் அண்ணை என் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தார்.

"பிள்ளை கலியாண வீட்டுக்கோ வெளிக்கிட்டது?"

வான் முழுக்கச் சிரித்தது. சப்பாத்தை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

முந்தைய வருடம் தோட்டத்தின் ஆறு துண்டுகளுக்கும் அங்கே காய் ஆய்பவர்களின், அதாவது பறிப்பவர்களின், பெயர்தான். "பரமேஸ் அக்கான்ர துண்டு" என்பார்கள். அவர் நிழல் தேடி இடம் மாறினால் பெயரும் கூடவே போய்விடும். எந்தத் துண்டுக்குப் பூச்சிமருந்து அடித்தது என்று பிறகு ஒருவருக்கும் தெரியாது. இப்போது பெயின்ற் வாளி மூடிகளில் இலக்கம் எழுதி, ஒவ்வொரு துண்டின் முனையிலும் தடியில் அறைந்திருந்தார்கள். பெட்டிகளிலும் அதே இலக்கம். சும்மா சுற்றிச்சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு வியாபாரி வந்தார். தாளில் ஓடிய விரல் வியாழக்கிழமையில் நின்றது. மற்ற ஐந்து துண்டுகளிலும் பெட்டிக் கணக்கு. நாலாம் துண்டில் மட்டும் பூச்சியம். எழுத மறந்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வசந்தி அக்கா என்னை இடித்தார். "நீ சொல்லு. உனக்கு வாயில்லையோ?"

மறந்திருந்தால் இடம் வெறுமையாக இருக்கும், புதன்கிழமை மருந்து அடித்ததால் ஞாயிறுவரை ஆயக்கூடாது, ஆயாத நாளையும் எழுதுவோம் என்றேன். தாளில் புதன்கிழமை மருந்து எழுதிய இடத்தைத் தொட்டுக் காட்டினேன். 

அவர் நேரே நாலாம் துண்டுக்கு நடந்தார். தாளில் எழுதியபடியே, செடிகளில் ஆயாத காய்கள் முற்றித் தொங்கின. அவற்றைப் பார்த்துப் பரமேஸ் அக்கா புறுபுறுத்தார். "நேற்றும் கேட்டனான், ஆய விடேல்லை. வசந்தி தாளைக் காட்டிக் கலைச்சுப்போட்டா."

தாளைக் காட்டி விரட்டிவிட்டாராம் என்று மொழிபெயர்த்தேன். வியாபாரி சிரித்துக்கொண்டே வசந்தி அக்காவுக்குக் கை கொடுத்தார். கத்தரி முழுவதும் அவருக்கே.

போகிறவர்களுக்கு: மதியத்துக்கு முன் போங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், தோட்டத்தில் நிழல் குறைவு. மருந்து அடித்த நாளைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். நீங்களே பயிரிட்டால் அன்றன்றே எழுதுங்கள். அடுத்த நாள் ஞாபகம் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

மற்றத் தோட்டக்காரருக்குக் காட்ட, எழுதாத தாள் ஒன்றை வியாபாரி கேட்டு வாங்கினார். வரைந்தவர் யாரென்று கீழே எழுதச் சொன்னார். அப்பாவின் பெயரையும் சேர்த்து, முழுப் பெயராக எழுதிக் கொடுத்தேன்.