டக்வெல் மண்டியிட்ட சனிக்கிழமை

கோட்டைத் தெருவில் கிளட்டர்பக் துணிக்கடைக்குள் ஒரு பெண் நுழைந்துவிட்டால், எதையாவது வாங்காமல் வெளியே வர முடியாது. மழைக்கு ஒதுங்கியவர்கள் கையுறையோடு திரும்பினார்கள். வழி கேட்க உள்ளே வந்த ஒரு பாதிரியாரின் மனைவி நாலு கஜம் ஃபிளானல் துணியோடு போனார். வழியைக் கேட்க மறந்துவிட்டார். பிரிஸ்டல் நகரத்தில் வேறெந்தத் துணிக்கடைக்கும் இல்லாத இந்தப் பெருமை ஆம்ப்ரோஸ் டக்வெல்லைச் சேரும்.

டக்வெல் அந்தக் கடையின் மேற்பார்வையாளர். நீண்ட கறுப்புக் கோட்டு, மெழுகு தேய்த்த மீசை, முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகள். வாசலுக்கும் காசாளர் மேடைக்கும் நடுவே, எடையை ஒரே காலில் போட்டுக்கொண்டு அசையாமல் நிற்பார். விற்பனைப் பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கொக்கு.

பிரிட்ஜ்வாட்டரில் ஒரு செங்கல் சூளைக்காரரின் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் துணிக்கடையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். முதல் வருடம் முழுக்க அவர் பழகியது குனிவது. ஆனால் முறையாகப் பழகினார். சீமாட்டி வந்தால் இடுப்பு வளையும். டாக்டர் மனைவிக்குத் தோள்வரை. கசாப்புக் கடைக்காரர் மனைவிக்குத் தலை மட்டும். வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு ஒரு புருவம் போதும். நாற்பது வயதுக்குள் அவர் மேலே ஏறியதெல்லாம் இப்படிக் குனிந்து குனிந்து ஏறியதுதான்.

அந்தக் கடையில் 'வெறுங்கை' என்றொரு சொல் உண்டு. வாங்காமல் போகும் வாடிக்கையாளருக்கு அதுதான் பெயர். டக்வெல் எழுதிவைக்கும் கணக்கில் ஒரு விற்பனைப் பெண்ணின் பேரில் ஒரே மாதத்தில் மூன்று வெறுங்கை விழுந்தால், அன்று மாலையே அவளுடைய பெட்டி தெருவுக்கு வந்துவிடும். வேலை செய்பவர்கள் எல்லாரும் கடைக்கு மேல் மாடியிலேயே தங்கி, கடையின் ரொட்டியையும் ஆறிப்போன ஆட்டிறைச்சியையும் தின்பவர்கள். வேலை போனால் படுக்கையும் போச்சு. வாடிக்கையாளர் நழுவுவது தெரிந்தால் அந்தப் பெண் உடனே டக்வெல்லைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து பேசுவார். அவர் பேசியபிறகு யாரும் வெறுங்கையோடு போனதில்லை.

ஜனவரிக் கடைசியில் குளிர்காலச் சரக்குக் கழிவு விற்பனை. சிவப்பு மையில் விலைச்சீட்டுகள், கண்ணாடியை மறைக்கும் அளவுக்கு அறிவிப்புகள். குளிர்காலத்தில் விற்காமல் மிஞ்சியதைக் குறைந்த விலைக்குத் தள்ளுகிறார்கள் என்று ஊர் நம்பியது. உண்மையில் மிஞ்சிய நல்ல சரக்கெல்லாம் கற்பூர வாசத்தோடு மாடியில் பெட்டிக்குள் போய்விடும். அடுத்த நவம்பரில் முழு விலைக்கு இறங்கும். கழிவுக்கென்றே வடக்கே யார்க்‌ஷயரிலிருந்து வண்டி வண்டியாக வேறு சரக்கு வரும். பழைய கந்தலை அரைத்து, அந்தப் பஞ்சை மறுபடி நெய்து, சாயம் ஏற்றித் தைத்த மேலங்கிகள். அவற்றின் சீட்டில் பழைய விலையைக் கறுப்பு மையில் எழுதி, அதைச் சிவப்பில் அடித்து, கீழே புது விலை போடுவார்கள். இரண்டு மையையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்ற யோசனை டக்வெல்லுடையது.

ஜன்னல் கோட்டும் அவருடைய யோசனைதான். பாட்டில் பச்சை நிறம், கெட்டிக் கம்பளி, கழுத்தைச் சுற்றி முயல் ரோமம். விலையோ சிரிப்பு வரும் அளவுக்குக் குறைவு. ஊரே அதைப் பார்த்துத்தான் உள்ளே வரும். யார் கேட்டாலும் "இப்பத்தான் வித்துப்போச்சு மேடம்" என்ற ஒரே பதில். நாலு வருடமாக அதே கோட்டு, அதே ஜன்னல், அதே பதில். தெருவைப் பார்த்த முன்பக்கம் பிரமாதம். ஜன்னல் பொம்மையின் இடுப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும் என்று டக்வெல் அதன் முதுகைக் கத்தரிக்கோலால் மேலிருந்து கீழ்வரை கிழித்து ஊசி குத்தி வைத்திருந்தது முதலாளிக்குக்கூடத் தெரியாது.

முதலாளிக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. டக்வெல்லுக்குக் கல்யாணமாகியிருந்தது.

மாடியில் தங்கும் ஆண்களுக்கு அவர்தான் காவல். அந்த வேலையில் இருப்பவன் முதலாளியைக் கேட்காமல் பெண்டாட்டி கட்டினால் அன்றே வெளியே போக வேண்டும். கேட்டால் முதலாளி விடமாட்டார். அதனால் டக்வெல் ஆற்றுக்கு அந்தப்பக்கம் பெட்மின்ஸ்டரில் ஓர் அத்தையை உருவாக்கினார். வயதான அத்தை, நெஞ்சில் சளி, கவனிக்க ஆளில்லை. புதன் மாலையும் ஞாயிறும் அத்தையைப் பார்க்கப் போவார். அங்கே ஈரச் சுவரோடு ஓர் அறையில் செலினா இருந்தாள். வயது முப்பதுகூட ஆகவில்லை. உள்ளாடை தைக்கும் பட்டறையில் வேலை. சளி மட்டும் நிஜம்.

"ஏங்க, எனக்கு ஒரு கோட்டு" என்று அவள் கேட்பாள்.

"கழிவு முடியட்டும். பார்த்துக்கலாம்."

"போன கழிவுக்கும் இதையேதான் சொன்னீங்க. உங்க கடை ஜன்னல்ல ஒரு பச்சைக் கோட்டு..."

"நீ கடைப்பக்கமே வரக்கூடாது. வந்தா என் சோறு போச்சு."

இரண்டு குளிர்காலம் அவள் அதைக் கேட்டாள். மூன்றாவதில், கழிவின் கடைசி சனிக்கிழமை, கையில் சேர்த்து வைத்த காசோடு கடைக்குள் வந்துவிட்டாள்.

மேலங்கிப் பிரிவில் ஃபீபி கோலப் என்ற விற்பனைப் பெண் நின்றிருந்தாள். அந்த மாதம் அவள் கணக்கில் ஏற்கெனவே இரண்டு வெறுங்கை. எதிரில் இருந்த பெண்ணின் தையல் பிரித்துத் தைத்த கையுறையைப் பார்த்ததுமே, இவள் தலையில் எதையாவது கட்டியே தீர வேண்டும் என்று பழுப்பு மேலங்கிகளை எடுத்துப் பரப்பினாள்.

"இது வேணாம்மா. ஜன்னல்ல இருக்கே பச்சைக் கோட்டு, அதை எடுங்க."

"அது இப்பத்தான் வித்துப்போச்சு மேடம்."

"இப்பன்னா எப்ப?"

"நீங்க உள்ள வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"போன வருஷமும் அங்கதானே பார்த்தேன். வாங்கினவங்க எடுத்துட்டே போக மாட்டாங்களா?"

கோலப்புக்கு முகம் சூடேறியது. "மிஸ்டர் டக்வெல், கொஞ்சம் இப்படி வாங்க" என்று குரல் கொடுத்தாள்.

டக்வெல் திரும்பினார். யாரென்று தெரிந்த கணத்தில் நிற்க முடியவில்லை. கால்கள் பழக்கத்தில் நடந்துவிட்டன. கழிவு நாட்களில் மாடிப்படியில் நின்று கூட்டத்தை எண்ணிக்கொண்டிருப்பது முதலாளி கிளட்டர்பக்கின் வழக்கம். அன்றும் அங்கேதான் இருந்தார். பெண்டாட்டிக்கு எந்த அளவு குனிய வேண்டும் என்று டக்வெல்லுக்குத் தெரியவில்லை. கடைசியில் டாக்டர் மனைவிக்கான குனிவைப் போட்டார்.

"மேடம் என்ன பார்க்கறீங்க?"

"குளிருக்கு ஒரு கோட்டுங்க. ரெண்டு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன்."

"நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. இந்தப் பழுப்பு உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்."

"நிறம் கிடக்கட்டும். குளிர் தாங்குமா?"

"தாங்கும் மேடம்."

"மழை?"

"ஒரு சொட்டு உள்ள இறங்காது."

"எத்தனை நாளைக்கு வரும்னு உண்மையைச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பறேன்."

முதலாளி படியிறங்கிப் பக்கத்தில் வந்துவிட்டார். டக்வெல் மீசையைத் தடவினார். "பத்துக் குளிர்காலம் மேடம். அதுக்கு நான் பொறுப்பு."

செலினா அந்த மேலங்கியின் முழங்கைப் பகுதியைக் கட்டைவிரலால் நாலு தரம் தேய்த்தாள். கம்பளி சுருண்டு உதிர்ந்தது. உள்ளங்கையில் திரண்ட பஞ்சை எல்லாரும் பார்க்கும்படி விளக்கு வெளிச்சத்தில் நீட்டினாள்.

"போன ஞாயித்துக்கிழமை டீ குடிச்சுக்கிட்டே ஒருத்தர் சொன்னாருங்க. இந்த மாதிரிக் கோட்டு வடக்கேர்ந்து வண்டி வண்டியா இறங்குது, நாய்க்குக்கூடப் போர்த்த மாட்டேன்னு."

அக்கம்பக்கத்தில் மேலங்கி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. கிளட்டர்பக்குக்குக் காது சிவந்தது.

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"என் வீட்டுக்காரர்."

"அவருக்குத் துணியைப் பத்தி என்ன தெரியும்?"

"துணிக்கடையிலதாங்க வேலை."

"எந்தக் கடை? ஆளு பேரு என்ன?"

டக்வெல்லுக்கு மாடியில் இருந்த தன் பெட்டி ஞாபகம் வந்தது. கைப்பிடி அறுந்திருந்தது; தெருவில் தூக்கிக்கொண்டு நடக்கச் சிரமம். செலினா அவருடைய மீசையை ஒரு தரம் பார்த்தாள்.

"பேரைச் சொன்னா அவரு வேலை போயிடும்ங்க. பாவம், பொய் சொல்றதைத் தவிர வேற தொழில் தெரியாது அவருக்கு."

கூட்டம் சிரித்தது. கசாப்புக் கடைக்காரர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செலினாவும் சிரிக்கப் பார்த்தாள். அது இருமலாக மாறி அவளை உலுக்கியது. பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கோலப் தண்ணீர் கொண்டுவந்தாள். ஓய்ந்ததும், போகலாம் என்று எழப் பார்த்தபோது பூட்ஸ் கயிறு அவிழ்ந்து கிடந்தது. இருமல் வந்தபின் குனிந்தால் மறுபடி வரும். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதுபோல, யோசிக்காமல் காலை முன்னால் நீட்டினாள்.

டக்வெல்லும் யோசிக்கவில்லை. கறுப்புக் கோட்டின் வாலை ஒதுக்கி, கடையின் நட்ட நடுவில் மண்டியிட்டு, கணுக்காலைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றிக் கயிற்றைக் கட்டினார். முடிச்சுப் போட்டபிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. அவருடைய குனிவுகளில் முழங்கால்வரை போவது எதுவும் கிடையாது. அரசியார் வந்தால்கூட இடுப்போடு சரி.

முதலாளியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

"அடேயப்பா," என்றாள் கசாப்புக் கடைக்காரர் மனைவி. "இப்படி மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசினவளுக்கே கயிறு கட்டி விடறாரு மனுஷன். எதிர்க்கடையில நாற்காலிகூடப் போட மாட்டான்."

"மரியாதைன்னா இது மரியாதை" என்றாள் இன்னொருத்தி.

கிளட்டர்பக்கின் சிவந்த காது மெல்ல நிறம் மாறியது. இதை முன்பே திட்டமிட்டிருந்தவர்போல ஒரு புன்னகையை வரவழைத்துக்கொண்டார். "எங்க கடை வழக்கமே அதுதாம்மா."

செலினா எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள். கோலப் தண்ணீர்க் குவளையோடு இரண்டடி பின்னால் போனாள். மூன்றாவது வெறுங்கை இன்னும் பத்தடியில் தெருவில் இறங்கிவிடும்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றார் டக்வெல், மண்டியிட்டபடியே. "ஜன்னல்ல இருக்கறது தூசி படிஞ்சது. அதே கோட்டு மேல பெட்டியில புதுசா ஒண்ணு இருக்கு. ஜன்னல் விலைக்கே தரோம்."

மனைவி இருமியதற்காகச் சொன்னாரா, கோலப்புக்காகவா, அல்லது தான் பேசியபின் ஒருத்தி வெறுங்கையோடு போகும் அவமானத்தைத் தாங்க முடியாமலா, அவருக்கே விளங்கவில்லை. கிளட்டர்பக் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். விலைச்சீட்டு ஊருக்கே தெரியும்படி ஜன்னலில் தொங்கும்போது, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

கோட்டு மாடியிலிருந்து வந்தது, முதுகு முழுசாக. செலினா அங்கேயே போட்டுக்கொண்டு, காசை எண்ணிக் கொடுத்தாள். மிச்சச் சில்லறைக்குப் பதிலாகக் கடை வழக்கப்படி ஒரு தாள் குண்டூசியை நீட்டினார்கள்.

"குண்டூசி வேணாம். சில்லறை குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

உடனே நாலைந்து பெண்கள் பச்சைக் கோட்டு கேட்டார்கள். "அந்த ஒண்ணுதான் இருந்துச்சு மேடம்" என்றார் டக்வெல், எந்தத் தடுமாற்றமும் இல்லாமல். கசாப்புக் கடைக்காரர் மனைவி அவர் முகத்துக்கு நேரே வேண்டுமென்றே கயிற்றை அவிழ்த்துக் காலை நீட்டினாள். கட்டிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒரு பழுப்பு மேலங்கியை வாங்கினாள். பஞ்சு உதிர்ந்ததைக் கண்ணால் பார்த்த பெண்கள் வரிசையில் நின்று காலை நீட்டி, கயிறு கட்டிக்கொண்டு, அதே பஞ்சை வாங்கிப் போனார்கள். கடை சாத்துவதற்குள் யார்க்‌ஷயர்ச் சரக்கு தீர்ந்துபோயிற்று.

கிளட்டர்பக் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மண்டி போட்டதுதான்யா மூளை. திங்கக்கிழமையிலேர்ந்து தினமும் போடணும். ஜன்னல்ல அறிவிப்பு வெச்சிடறேன்."

"சரிங்க ஐயா."

"அந்தப் பச்சைக் கோட்டு மட்டும் உன் அதிகப்பிரசங்கித்தனம். முழு விலைக்கு எவ்வளவு குறையுதோ அதை உன் சம்பளத்துல பிடிச்சுக்கறேன்."

பெண்டாட்டிக்குக் கோட்டு வாங்கிக் கொடுக்கிற செலவு இப்படியாகத்தான் டக்வெல்லின் தலையில் விழுந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். வேலை தப்பியது, படுக்கை தப்பியது, அத்தையும் தப்பினாள் என்று நினைத்துக்கொண்டார்.

கீழே கோலப் மேசைகளின்மேல் தூசித்துணி போர்த்திக்கொண்டிருந்தாள். அவர் தாண்டிப் போகும்வரை காத்திருந்து, நிமிராமலே சொன்னாள்:

"அந்தப் பச்சை, உங்க அத்தைக்குக் கச்சிதமா இருந்துச்சு சார்."

டக்வெல் நின்றார். மீசையின் ஒரு நுனி தானாகக் கீழே இறங்கியது.

"முன்னப்பின்ன தெரியாதவங்க காலுக்கு யாரும் ரெண்டு சுத்துச் சுத்திக் கட்ட மாட்டாங்க சார். எங்க அப்பா எங்க அம்மாவுக்கு அப்படித்தான் கட்டுவாரு."

"மிஸ் கோலப்..."

"இந்த மாசம் என் பேர்ல ரெண்டு வெறுங்கை இருக்கு சார். எனக்கென்னவோ ஒண்ணுகூட இல்லாத மாதிரி ஞாபகம்."

அவர் எடையை ஒற்றைக் காலுக்கு மாற்றிக்கொண்டார். "ஆமா. எனக்கும் அப்படித்தான் ஞாபகம்" என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமை காலையிலும் கோலப் எல்லார் காதிலும் விழும்படி அத்தையின் இருமலை விசாரிப்பாள். டக்வெல் யாராவது ஒரு சீமாட்டியின் காலடியில் மண்டியிட்டபடி, பரவாயில்லை என்று பதில் சொல்வார். அந்த வசந்தத்தில் கிளட்டர்பக் கடையிலிருந்து ஒரு பெண் எதுவும் வாங்காமல் நிம்மதியாக வெளியே வர முடிந்த ஒரே இடம் மேலங்கிப் பிரிவுதான்.