மில் சுவரில் ஒரு மீட்டர் பத்து

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குச் செய்தி வந்தது. புர்கா உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். தீயணைப்புப் படைத் தலைவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றான். ஷ்ராட்பாக் என்ற அந்த மலையூரில் அவன் சாவுச் செய்திக்குத்தான் தொப்பியைக் கழற்றுவான்; மேற்கொண்டு கேட்க வேண்டியது இடம் மட்டும்தான்.

"எங்க?" என்றாள்.

"மில்லுக்கிட்ட. ஏணியிலேருந்து இறங்கி, அப்படியே உக்காந்து சாஞ்சுட்டாரு போலிருக்கு."

"ஏணியில ஏறக்கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. இறங்கறதப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

செத்துப்போனது அவளுடைய அண்ணன் வெண்டலின். வயது எழுபத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தொரு வருடம் பள்ளத்தாக்குச் சாலையில் பனி தள்ளி, பள்ளம் மூடி ஓய்வு பெற்றவன். ஊரில் எல்லாரும் அவனைத் தொந்தரவு பிடித்தவன் என்றார்கள். காரணம், அவன் எதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவான். அளப்பது ஷ்ராட்பாக்குக்குப் பிடிக்காத வேலை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயிலே எட்டிப் பார்க்காத தென்கரைக்குச் சுற்றுலா அலுவலகம் வைத்திருக்கும் பெயர் 'குளுமைப் பகுதி'.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் ஷ்ராட் ஆறு ஊருக்குள் வந்து, பதினொரு மாடுகளையும் ஒரு பாதிரியாரின் பியானோவையும் கொண்டுபோனது. அப்போது வெண்டலினுக்குப் பதினேழு வயது. தண்ணீர் வடிந்த மறுநாள் மில் சுவரில் ஈரம் நின்ற இடத்தில் உளியால் ஒரு கோடு செதுக்கினான். பஞ்சாயத்து அதன்மேல் வருடம் எழுதிய தகடு ஒன்றை அறைந்தது. முப்பத்திரண்டு வருடம் கழித்து மில்லுக்குப் புதுப் பூச்சு பூசினார்கள். கோடு பூச்சுக்குள் போயிற்று. தகட்டைத் திரும்ப மாட்டும்போது, விருந்தாளிகள் கழுத்து வலிக்காமல் படிக்கவும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளவும் தோதாகக் கீழே இறக்கி ஆள் உயரத்தில் மாட்டினார்கள். ஊரே பார்த்தது. அழகாக இருக்கிறது என்றது.

பிறகு மாவட்டத்திலிருந்து அளக்க வந்தவர்கள் தகட்டை நம்பினார்கள். வரைபடத்தில் வெள்ள அபாயம் என்று சிவப்பாக இருந்த ஆற்றோரப் புல்வெளி வெள்ளையாயிற்று. இப்போது அங்கே மழலையர் பள்ளி கட்டப்போகிறார்கள். கடைசியாக ஒரு முறை சரிபார்க்க வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆற்றுத் துறை இன்ஜினியர் அம்மாள் வருவதாக ஏற்பாடு. வெண்டலின் எட்டு மனு போட்டான். ஒன்பதாவதாக ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மதியத்துக்குள் மேயர் ஹார்ட்மன் ஒரு கேக்கோடு வந்துவிட்டார். ஆயிரம் மீட்டருக்கு மேலே பெரியவர் சின்னவர் இல்லாமல் எல்லாருக்கும் 'நீ'தான் என்பது மலைநாட்டு வழக்கம். ஷ்ராட்பாக் இருப்பது தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மீட்டரில். மீதியை ஊரே சேர்த்துக்கொண்டது.

"மனசத் தேத்திக்க புர்கா. ஊருக்கே இழப்பு."

"நேத்துவரைக்கும் தலைவலின்னு சொன்ன."

"அதெல்லாம் பாசத்துல சொல்றது. அடக்கத்த நாளைக்கே வச்சுக்கலாமா? பாதிரியாருக்கும் நாளைக்குத்தான் சௌகரியமாம்."

புர்காவுக்கு விளங்கிவிட்டது. புதனே புதைத்துவிட்டால் வியாழனுக்குள் சுவரைப் பழையபடி மாற்றிவிடலாம். செத்தவன் கடைசியாகத் தொட்ட வேலையை அடக்கம் முடியும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் அவன் திரும்பி வந்து முடிப்பான் என்பது அந்தப் பள்ளத்தாக்கின் நம்பிக்கை. வெண்டலின் உயிரோடு இருந்தபோதே அவன் வருகைக்குப் பயந்த ஊர் அது. ஏணி சாய்த்தது சாய்த்தபடி நின்றது. மேயர் கேட்டும் தீயணைப்புக்காரன் ஒருவன்கூட ஏறவில்லை.

"வியாழன் பதினொரு மணி" என்றாள்.

"கொஞ்சம் யோசி. அன்னிக்கு அந்தம்மா வேற வராங்க."

"வரட்டும். அடக்கச் சாப்பாட்டுல அவங்களுக்கும் சேத்து சூப் சொல்றேன்."

"குழந்தைங்க விஷயம் புர்கா இது. பள்ளிக்கூடம்."

"அவனும் குழந்தைங்க விஷயம்னுதான் ஏறினான். உனக்கு அவசரமா இருந்தா நீயே ஏறு, ஹார்ட்மன். ஏணி அங்கதான இருக்கு."

மேயர் ஏறவில்லை. கேக்கை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

வியாழன் ஒன்பது மணிக்கு இன்ஜினியர் அம்மாள் மில் சுவரை அண்ணாந்து பார்த்தார். வெண்டலின் பூச்சை ஒரு முழ அகலத்துக்குக் கொத்தி எடுத்திருந்தான். உள்ளே பழைய உளிக்கோடு இருந்தது. கீழேயிருந்த தகட்டைக் கழற்றி, அந்தக் கோட்டின் மேலேயே மாட்டியிருந்தான்.

"இது எப்ப மாறுச்சு?" என்று கேட்டார்.

கறுப்பு உடையில் நின்ற புர்கா, "மாறினது பூச்சு பூசினப்ப. இப்ப திரும்பி வந்திருக்கு" என்றாள்.

அம்மாள் தானே ஏணியில் ஏறி அளந்தார். ஒரு மீட்டர் பத்து வித்தியாசம். புல்வெளி மறுபடி சிவப்பு. பள்ளிக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினொரு மணிக்கு மேயர் கல்லறை ஓரத்தில் நின்று, வெண்டலினின் துல்லியத்தை ஊர் என்றும் போற்றி வந்ததாகப் பேசினார். விடுதியில் மாட்டிறைச்சி சூப்போடு எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியாக அவனோடு சண்டை போட்டவன்தான் அதிகமாக அழுதான்.

புர்கா அழவில்லை. திரும்பும் வழியில் மில்லுக்குப் போய் ஏணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆள் உயரத்தில் தகடு முன்பு இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றை இன்னும் யாரும் அடைக்கவில்லை.