சிரிப்புச் சத்தம் இல்லாத கார்ட்டூன்

கொடைக்கானல் மலையில், கவுஞ்சி கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு டிவி வந்த புதிதில் நானும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்த கார்ட்டூன் ஒன்று உண்டு. வெள்ளைக்காரக் குடும்பம். டயர் கடையில் வேலை பார்க்கும் தொந்திக்கார அப்பா, ஒட்டடைக்குச்சி அம்மா, இரண்டு பிள்ளைகள், வாய் ஓயாத ஒரு கிளி. தமிழில் பேச வைத்திருந்தார்கள். அது இன்னும் முடியவில்லை, வருடா வருடம் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கிறது என்பது எனக்குப் போன மாதம்தான் தெரியும். எனக்கு நரைத்துவிட்டது. அந்த வீட்டுப் பையன் இன்னும் ஐந்தாம் வகுப்பில்தான் இருக்கிறான்.

போன மாதம்தான் தங்கை பழனியிலிருந்து மகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு கொடைக்கானலில் என் வீட்டுக்கு வந்து நின்றாள். இனிமேல் அங்கே போகமாட்டேன் என்றாள். விஷயம் கேள்விப்பட்டு அப்பா கவுஞ்சியிலிருந்து இரண்டு மூட்டைப் பூண்டோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"அடிச்சாரா?"

"இல்லப்பா."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"அப்புறம் என்னத்தா?"

"என்னய வச்சுச் சிரிப்புக் காட்டுறாருப்பா."

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். எனக்கும் அவளிடம் எரிச்சல்தான். அவள் வீட்டுக்காரர் அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறார். கலகலப்பான மனுசர். கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம்தான் கூட்டம் சேரும். இப்படிப்பட்டவரோடு வாழ்வதற்கு என்ன கேடு என்று கேட்டேன். அவள் சண்டைக்கு வரவில்லை. அடுப்படி ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்தாள். என் வீட்டில் அங்கேதான் நெட் கிடைக்கும்.

"நம்ம பாத்த கார்ட்டூன் இதுல கெடக்குக்கா. பூண்டு உரிச்சுக்கிட்டே மொதல்லருந்து பாப்போம்."

அந்த வாரம் முழுக்க மழையும் மேகமும். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. காயாத துணி வீடு முழுக்கத் தொங்கியது. என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வண்டியோடு கேரளாவுக்குப் போயிருந்தார். சிறுமியை அவள் தாத்தாவோடு உட்கார வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் பூண்டை உரித்துக்கொண்டு பார்த்தோம்.

முதல் எபிசோடில் அந்த ஒட்டடைக்குச்சி அம்மாவுக்குப் பிறந்தநாள். புருசன் மறந்துவிட்டான். நினைவு வந்ததும் வீட்டிலிருந்த பழைய வாணலியையே காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறான். "உன் மூஞ்சிக்கு இதுவே அதிகம்" என்கிறான். நான் சிரிப்பதற்குத் தயாராக இருந்தேன். சிரிப்பு வரவில்லை. என்னவோ குறைகிறது என்று தோன்றியதே தவிர, என்னவென்று பிடிபடவில்லை.

"சிரிப்புச் சத்தம் இல்லக்கா" என்றாள் தங்கை. "அப்ப டிவிக்காரங்க ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னாடி கூட்டமாச் சிரிக்கிற சத்தம் போட்டாங்க. இதுல அத எடுத்துட்டாங்க."

உண்மைதான். அவன் சொல்கிறான். பிறகு ஒரு நிமிடம் போலத் தோன்றும் அமைதி. அந்த அமைதியில் அவள் வாணலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் அடுத்த காட்சி. அந்த இடத்தில் நாங்கள் தரையில் உருண்டு சிரித்திருக்கிறோம். யாரோ முன்பின் தெரியாத கூட்டம் சிரித்ததற்காகச் சிரித்திருக்கிறோம். கருமம்.

கார் ஓட்டப் பழகும் எபிசோடு. அவள் ஒரு கம்பத்தில் மோதிவிடுகிறாள். அவள் நெற்றியில் ரத்தம். அவன் ஓடி வந்து காரைத் தடவிக் கொடுக்கிறான். லைப்ரரியில் அவளுக்கு வேலை கிடைக்கும் எபிசோடு. அவன் ஒரே நாளில் வீட்டைக் குப்பைமேடாக்குகிறான். அவள் வேலையை விட்டுவிட்டு வந்து கூட்டுகிறாள். கிளி அவளைப் பார்த்து, "தண்டம், தண்டம்" என்கிறது. கிளிக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு மதியம் சோறு இறங்கவில்லை. எழுதினவன், படம் வரைந்தவன், தமிழில் மாற்றினவன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்ட வேண்டும்போல இருந்தது.

எல்லாவற்றையும்விட மோசம், அவள் வீட்டை விட்டுப் போகும் எபிசோடு. சின்ன வயதில் அதைப் பார்த்து இருவரும் அழுதோம். அவன் தீய்ந்துபோன கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு மழையில் அவள் பின்னால் பஸ் நிலையத்துக்கு ஓடுகிறான். அவள் கேக்கைப் பார்த்ததும் உருகிவிடுகிறாள். அப்போது எங்களுக்கு அது பெரிய காதல். இப்போது பார்த்தால் அவன் வாயில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. "வீட்ல சமைக்க ஆளில்ல" என்றுதான் சொல்கிறான். அதற்குத் திரும்பி வருகிறாள், மடச்சி! அடுத்த எபிசோடில் ஒன்றுமே நடக்காத மாதிரி அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் மூக்கைப் பற்றிப் பேசுகிறான்.

"அணைச்சுத் தொலைடி" என்றேன்.

தங்கை அணைத்தாள். பூண்டுக் காந்தலில் சிவந்திருந்த கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, "எனக்கு மட்டும் அணைக்க ஸ்விட்ச் இல்லக்கா" என்றாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருவதை நான் தடுக்கவில்லை. அப்பா ஒருமுறை சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதுதான் முடிவு.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வெள்ளனே காரில் வந்துவிட்டார். பஞ்சாமிர்த டப்பாக்கள், ஆயக்குடிக் கொய்யா ஒரு பை. நுழையும்போதே, "மதினி, ஒங்க ஊர் மேகத்துல என் பொண்டாட்டியத் தொலச்சிட்டேன், பாத்தீங்களா?" என்றார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கே உதடு அசைந்தது. அந்த ஆளிடம் அப்படியொரு வசியம் இருக்கிறது. தங்கை காபி கொண்டுவந்து வைத்தாள். அப்பா எழுந்துபோய் அவளுடைய பையைக் காரில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, மாப்பிள்ளை அப்பாவிடம் திரும்பினார்.

"கோவிச்சுக்கிட்டு வர்ற அளவுக்கு நான் ஒண்ணும் சொல்லல மாமா. கடையில பக்தருங்க சிரிக்கட்டும்னு ஒரு வார்த்த சொல்லுவேன். எங்க வீட்டம்மாவுக்கு முருகன் எல்லாத்தயும் குடுத்தான், மூள குடுக்கும்போது மட்டும்..."

"நட சாத்திட்டாங்க!" என்று அவர் மகள் குதித்துக்கொண்டு முடித்து வைத்தாள்.

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். சிறுமி தன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார். எனக்கு அந்தக் கிளிதான் தெரிந்தது.

தங்கை சத்தம் போடவில்லை. "இன்னொருக்கச் சொல்லுங்க" என்றாள். "சிரிக்காமச் சொல்லுங்க. யாரும் சிரிக்காதீங்க."

"இதென்ன மதினி, கோர்ட்டுல கூண்டுல ஏத்துறா!" என்று அவர் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா குழப்பமாக இருந்தார்.

"சொல்லுங்க."

"எங்க வீட்டம்மாவுக்கு முருகன்..." என்று ஆரம்பித்தார். இழுத்தார். மறுபடி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"நான் சொல்றேம்மா" என்று சிறுமி முன்னால் வந்தாள். அவளுக்கு இது ஏதோ போட்டி. பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிப்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு, நேராக நின்று, சிரிக்காமல் சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு மூள இல்ல."

தான் சரியாகத்தானே சொன்னோம் என்று அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சின்னப் புள்ள" என்றார் மாப்பிள்ளை, குரல் இறங்கி. "வெளையாட்டுக்குச் சொல்லுது."

"வெளையாட்டுன்னு அவளுக்குத் தெரியாது" என்றாள் தங்கை. "நெசம்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அதுக்குத்தான் வந்தேன்."

அப்பா எழுந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப்போய், காரிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்தார்.