கையைத் தூக்கி எடுத்த அளவு

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள், மதியம் மூன்று மணி. அம்சா கம்பைத் தலைக்கு மேல் தூக்கினாள். நான் தைத்த மார்புக் கவசமும் கூடவே எழும்பி, கழுத்துப் பட்டி அவள் மூக்கில் போய் இடித்தது. வலது அக்குளில் தையல் டர்ரென்று விட்டது.

"அக்கா, மூச்சு வுட வழியில்லக்கா," என்று கவசத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

கூட வந்திருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கையையும் தூக்கிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

மேற்குத் தாம்பரத்தில் இருபத்திரண்டு வருடமாக லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். எல்லோருடைய அளவும் நோட்டில் இருக்கிறது. தைத்தது எதுவும் பிரிந்து வராது என்று ஒரு பெருமையும் இருந்தது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் அந்தப் பெருமை போன கதையையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஆர்டர்

என்னிடம் வழக்கமாகப் பிளவுஸ் தைக்கும் அம்சா, கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். பிறந்தது கடலோரக் குப்பம். அங்கே அப்பாவிடம் சிலம்பம் கற்றவள். கம்பெனி ஆண்டு விழாவில் துப்புரவுப் பெண்களுக்கு அதுவரை மேடை கிடைத்ததில்லை. இந்த முறை அவளே போய்க் கேட்டு ஐந்து நிமிடம் வாங்கியிருந்தாள்.

"ஒரு படம் பாத்தோம்க்கா. ராணிக்குக் காவலா பொம்பளைங்க படை. சும்மா கெத்தா நிப்பாளுங்கோ. அதே மாரி ஆறு டிரெஸ் வோணும். நாங்க மாப்புக் கம்புலயே பழகிகினு கீறோம்."

ஆனால் மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அதையும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "டிரெஸ் டீசன்டா இருக்கணும்மா. முந்தின நாள் ஏழு மணிக்குள்ள வீடியோ அனுப்புங்க. சரியில்லன்னா அந்த டைமை வேற டீமுக்குக் குடுத்துடுவேன்."

பொருள்

வாடகை உடை வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் சீட் கவர் தைக்கும் கடையில் மிஞ்சிய பழுப்பு ரெக்சின் கிடைத்தது. உள்ளே கொடுக்க என்னிடம் கேன்வாஸ் இருந்தது. துணிச் சுருளுக்குள் வரும் அட்டைக் குழாயை நீளவாக்கில் பிளந்து, தங்க நிற பெயின்ட் அடித்தால் முன்கைக் காப்பு ஆகிவிடுகிறது. பாவாடைக்கு இரண்டரை அங்குல அகலத்தில் பட்டைகள், ஒருத்திக்குப் பதினான்கு. உள்ளே அவரவர் கறுப்பு டி-ஷர்ட், லெகிங்ஸ்.

அளவு எடுத்தேன். வழக்கம்போல, "நேரா நில்லு, கையைத் தொங்க விடு, மூச்சைப் பிடிக்காதே" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். மார்பு, இடுப்பு, ஷோல்டர், ஆர்ம்ஹோல் எதிலும் கால் அங்குலம் பிசகவில்லை. பிளவுஸ் மாதிரி கச்சிதமாகத் தைத்தேன். கண்ணாடி முன் அவர்கள் கையைத் தொங்கவிட்டு நின்றபோது எனக்கே கர்வமாக இருந்தது.

மூன்று மணிக்குப் பிறகு

துணியாக இருந்தால் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்ட கூடுதல் துணியை எடுத்துச் சமாளித்துவிடலாம். ரெக்சினில் ஊசி போட்ட ஓட்டை அப்படியே நிற்கும். பிரித்துத் தைத்தால் அந்த வரிசையிலேயே கிழியும். இதை அவர்களிடம் மறைக்காமல் சொன்னேன்.

ஒருத்தி உடனே முகம் வாடி, "யூனிஃபார்ம்லயே கும்மி அடிச்சிட்டுப் போயிடலாம்டி," என்றாள்.

"ம்க்கும். வருஷம் பூரா அந்த யூனிஃபார்ம்லதான பாக்குறானுங்கோ," என்றாள் அம்சா. என் பக்கம் திரும்பினாள். "அக்கா, எனுக்குத் தையல் தெரியாது. கையி மேல போவணும். அவ்ளோதான். இன்னா பண்ணலாம், சொல்லு."

அவளை மறுபடி கம்பைத் தூக்கச் சொன்னேன். இந்த முறை கவசத்தைப் பார்க்கவில்லை, உடம்பைப் பார்த்தேன். கை ஏறும்போது தோள் ஏறுகிறது, விலா விரிகிறது. நான் இரண்டையும் தைத்து மூடியிருந்தேன்.

கத்தரியை எடுத்துப் பக்கத் தையல் இரண்டையும் ஓட்டை வரிசையோடு வெட்டினேன். தோள் துண்டுகளைத் தனியாகக் கழற்றினேன். அக்குளில் ஒன்றரை அங்குலம் குடைந்தேன். இனி தைக்கப் போவதில்லை, ஓட்டை போட்டுக் கயிறு கோத்துக் கட்டப் போகிறோம். எதிரே செருப்புத் தைக்கும் அண்ணனிடம் பெல்ட்டுக்கு ஓட்டை போடும் பஞ்ச் வாங்கி வந்தேன். ஒரு கவசத்துக்கு நாற்பது ஓட்டை.

"கயிறு?" என்றாள் அம்சா.

கடையில் இருந்தது உள்பாவாடை நாடா மட்டும்தான், பால் வெள்ளையில்.

"பாவாட நாடாவ கட்டிக்கினு சண்டைக்குப் போன மொத படை நாமதான்டி!" என்றாள். வாடிய முகமும் சிரித்துவிட்டது.

டீத்தூளைக் கொதிக்கவைத்து நாடாவைப் போட்டோம். பழுப்பேறியதும் இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தினோம். இருவர் ஓட்டை போட, இருவர் நாடா உலர்த்த, இருவர் கோத்தார்கள். ஆறரைக்குக் கடை வாசலில் ஆறு கம்புகளும் மேலே போயின. கவசங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாடா ஓடியதில், நான் முதலில் தைத்ததைவிட அழகாகவும் இருந்தது.

வீடியோ போனது. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது: "ஓகே. மாப்புக் கம்பு தெரியாம துணி சுத்துங்க."

"அதெல்லாம் சுத்த முடியாது. அது எங்க கம்பு," என்றாள் அம்சா. சுற்றவில்லை. மறுநாள் அப்படியேதான் ஆடினார்கள். முதல் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம்.

நோட்டில் ஒரு கட்டம்

அடுத்த மாதம் அம்சா சாதாரண பிளவுஸ் ஒன்று தைக்கக் கொடுத்தாள். பழைய நோட்டைப் புரட்டினேன். அவள் பெயருக்கு நேரே மூன்று முறை "அக்குள் கிழிசல், ரிப்பேர்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. மூன்று முறையும் துணி மட்டம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

"கையைத் தூக்கு," என்றேன்.

"இன்னாக்கா, பிளவுஸுக்குமா? இதுல நான் யாரோட சண்டைக்குப் போவப் போறேன்?"

"வேலைக்கு எதுல போற?"

"பஸ்சுல. வண்டலூர் தாண்டித்தான் சில நாளு எடம் கெடைக்கும். அதுவரைக்கும் கம்பி..." சொல்லிக்கொண்டே அவள் கை தானாக மேலே போனது.

டேப்பை வைத்தேன். அக்குளிலிருந்து இடுப்பு வரை, தொங்கவிட்டபோது எடுத்ததைவிட ஒன்றே முக்கால் அங்குலம் கூடுதல். நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு அதை எழுதினேன். இப்போது எல்லோருக்கும் அந்தக் கட்டம் உண்டு. அளவு எடுக்கும் முன் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுவிடுகிறேன்.