ராய்ஸ் போட்ட கோடு

லியோனோரா ஊருக்கு வெளியே செம்மண் காட்டில், உலோகம் கண்டால் ஒலியெழுப்பும் கருவியை வைத்துத் தங்கம் தேடுகிறவர்கள், நடந்த இடத்திலேயே மறுபடி நடக்காமலிருக்க, இடுப்பில் கட்டிய சங்கிலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். மண்ணில் கோடு விழும். ராய்ஸ் போட்ட கோடுகள் அவன் செத்து எட்டு மாதமாகியும் அழியவில்லை. மழை எங்கே பெய்தது! அந்தக் கோட்டின் மேலேயேதான் அவன் மனைவி கிளெனிஸ் தினமும் கருவியை ஆட்டிக்கொண்டு நடந்தாள்.

பக்கத்துக் கூடாரத்து டட்லிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா கிளெனிஸ், அவன் வழிச்சு நக்குன தட்டுல என்னத்தத் தேடுற? ரெண்டடி தள்ளி நடயேன்!"

"தள்ளி நடந்தா?"

"தங்கம் கெடைக்கும், வேறென்ன!"

"சரி" என்றாள். தள்ளி நடக்கவில்லை.

வியாழக்கிழமை, கோட்டின் மேலேயே கருவி முனகியது. பழைய ஆணியாக இருக்குமென்று தோண்டினாள். கட்டைவிரல் பருமனுக்குத் தங்கம். ராய்ஸ் கோட்டை விட்டது.

அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆணியும் தோட்டாவும் கிடந்த குப்பைப் பையிலேயே அதையும் போட்டாள். குழியை மூடி மண்ணைத் தட்டினாள். கோடு ஒரு சாண் அழிந்துபோயிருந்தது.

மண்டியிட்டபடியே, விரலால் அதை இழுத்துச் சேர்த்தாள்.