தண்ணீர் இல்லாத ஆற்றில் ஒரு குழி

எனக்கு அப்போது ஏழு வயது. தம்பிக்கு மொட்டை போட்டுக் காது குத்த ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோட்டுக்கு நடந்து போனோம். பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதினைந்து பேர், சாமான் ஏற்ற ஒரு மாட்டு வண்டி. தம்பிக்கு முன்னால் பிறந்தவன் வாந்திபேதியில் போய்விட்டான். இவனாவது தங்கினால் நடந்தே வருகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் வேண்டுதலுக்கு எங்கள் எல்லோருடைய காலும் தேய்ந்தது.

அந்தக் கூட்டத்துக்கே வேடிக்கை எங்கள் சித்தப்பாதான். அப்பாவின் தம்பி, சூரமங்கலத்துப் பக்கம் ரயில் பாதை வேலைக்குப் போய்வந்தவர். அங்கே கற்றுக்கொண்ட ஒரு சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். துணி மூட்டையில் ஒரு களைக்கொத்து வைத்திருப்பார். வெளிக்குப் போகிறவர்கள் அதை வாங்கிப்போய், முழங்கை ஆழம் குழி தோண்டி, வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு வர வேண்டும். அதுவும் தண்ணீருக்கு நூறு தப்படி தள்ளி.

"நம்ம அசிங்கம் தண்ணியில கலந்துச்சுன்னா பேதி வந்துருமுங்க. பூனை கூட மூடிட்டுத்தானே போவுது?" என்பார்.

"அப்ப பூனை ஊட்டுலயே போயிப் பொண்ணு கேளு," என்பாள் அவருடைய அக்கா, என் அத்தை. எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் சிரிக்க மாட்டேன். பேதி என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாவின் முகம் போகும் போக்கு எனக்குத் தெரியும்.

உச்சி வெயிலில் திருமணிமுத்தாற்றை அடைந்தோம். வைகாசி மாதம், ஆறு முழுக்க வெறும் மணல். கரையில் இருந்த புளியமரத்தடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டார்கள். வழியெல்லாம் நான் தின்றுவந்த மாங்காய் அப்போதுதான் தன் வேலையைக் காட்டியது. சித்தப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். எழுப்பிக் கேட்கக் கூச்சம். நானே மூட்டையிலிருந்து கொத்தை எடுத்துக்கொண்டேன், ஒரு சொம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன்.

கரைமேல் பத்து இடத்தில் கொத்திப் பார்த்தேன். காய்ந்த மண் டங் டங்கென்று கையைத் திருப்பியடித்தது. இந்தப் பக்கம் முள், அந்தப் பக்கம் கள்ளி. வயிறோ பொறுக்கவில்லை. ஆற்றைப் பார்த்தேன். நூறு தப்படி என்பது தண்ணீருக்குத்தானே? தண்ணீரே இல்லாத ஆற்றுக்கு என்ன கணக்கு? இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு மணலில் இறங்கி ஓடினேன். நாணல் புதருக்குப் பின்னால் குழி சும்மா பொலபொலவென்று விழுந்தது. அடியில் மணல் ஈரமாக, கைக்குச் சில்லென்று இருந்தது. எல்லாம் முடித்து, மூடி, மூன்று தரம் மிதித்தேன். சித்தப்பா பார்த்தால் மெச்சிக்கொள்வார் என்று நினைத்தேன். அந்தப் பெருமையில் கொத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்து மூச்சு விடவில்லை, அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினாள்.

"அத்தை எங்க போறாங்கம்மா?"

"ஊத்துத் தோண்டறதுக்குச் சாமி. ஆத்துல தண்ணி மணலுக்கு அடியிலதானே ஓடுது. நாணல் நிக்கற எடத்துல சீக்கிரம் ஊறும்."

அத்தை நேராக அந்த நாணலுக்குத்தான் போனாள். புதருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கையாலேயே மணலை வாரினாள். அந்தப் பக்கம் என் குழி. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம். சாமி காரியத்துக்குப் போகிற வழியில், பதினைந்து பேருக்கு முன்னால், என்னவென்று சொல்வது? அப்பாவின் கையை நினைத்தாலே கன்னம் எரிந்தது. சொல்லாவிட்டால் தம்பி செத்துப்போவான். சொன்னால் நான் செத்தேன்.

அத்தை குடத்தோடு திரும்பினாள். குழந்தைக்குத்தான் முதலில். அம்மா மடியில் தம்பியைக் கிடத்திப் பாலாடையில் தண்ணீரை வார்த்து அவன் வாயருகே கொண்டுபோனாள். நான் பாய்ந்து பாலாடையைத் தட்டிவிட்டேன். குடத்தையும் எட்டி உதைத்தேன். தண்ணீர் முழுக்க மண்ணில் ஓடியது.

"பேய் புடிச்சிருச்சாடி உனக்கு?" அம்மா கன்னத்தில் அறைந்தாள். வலிக்கவே இல்லை. அத்தை என்னைத் திட்டிக்கொண்டே மறுபடி ஆற்றுக்குப் போனாள். இன்னொரு குடத்தை எப்படி உதைப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு கூச்சல். மண் சரிந்து ஊற்று தூர்ந்துபோக, புது இடம் பார்க்கப் புதரைச் சுற்றி வந்திருக்கிறாள். கொத்து கிடக்கிறது, பக்கத்தில் மிதித்த மண் மேடு. கொத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"ஏன்டா தம்பி, ஊருக்கெல்லாம் நாயம் சொல்லிப்போட்டு ஊத்து வாய்லயே போயிருக்கறயே, இது உன்ற கொத்துதானே?"

சித்தப்பா தூக்கம் கலைந்து எழுந்தார். கொத்தைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். வீங்கிய கன்னத்தோடு நின்ற என்னைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ஆமாங்க்கா. நாந்தான். அவசரத்துல போயிட்டேன்."

அப்பா பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. இப்பேர்ப்பட்டவன் கோயிலுக்கு வரக்கூடாது, இப்படியே ஊர் திரும்பட்டும் என்று சொல்லிவிட்டார். ஆற்றில் மேலாக வெகுதூரம் போய் வேறு ஊற்றுத் தோண்டினார்கள். தம்பி அந்தத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தான்.

அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. சித்தப்பாவும் அங்கேயே போயிருக்கிறார், பிடிபட்டது அவருடையது, என்னுடையதை யாரும் பார்க்கவில்லை. அப்படித்தான் நம்பினேன். கூடவே கோபமும் வந்தது. எனக்காவது ஏழு வயது, சட்டம் போட்ட மனுஷனுக்குப் புத்தி எங்கே போயிற்று?

அவர் கிளம்பும்போது அம்மா என்னிடம் கட்டுச்சோற்றைக் கொடுத்தனுப்பினாள். வாங்கிக்கொண்டு என் கன்னத்தைத் தடவினார்.

"ஒண்ணும் ஆகல. பயப்படாத சாமி."

திட்டு வாங்கியவர் அவர், நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

"இனிமேலாச்சும் தள்ளிப் போங்க சித்தப்பா," என்று புத்தி சொன்னேன்.

"சரிங்க சாமி," என்றார். அந்த வெயிலில் தனியாக நடந்து போனார். பாவம், போனால் போகிறார் என்று நான் அவரை மன்னித்துவிட்டேன்.